‘கொணஷ்டை’க்கு ஓர் எடுத்துக்காட்டு

ஆகஸ்ட் 5, திங்கள்

சாயங்காலம் ஐந்தேகாலுக்குப் பள்ளிக்கூடத்திலிருந்து வந்தேன். வாசல் கதவு ஆவென்று திறந்து கிடந்தது. திருடன் வந்திருந்தாலும் நொந்துதான் போயிருப்பான். எங்கள் வீட்டில் எடுக்கும்படியாக இருப்பவை முப்பத்தேழு பொன்னாடைகளும், என் பெயரைத் தப்பும் தவறுமாகப் பொறித்த நான்கு கேடயங்களும்தான். எதுவும் போகவில்லை. என் மனைவி தையல்நாயகி மட்டும் இல்லை.

சாப்பாட்டு மேசையில் நேற்றுத் திருவிழாக் குழுவினர் கொடுத்த பூட்டு இருந்தது. அதன் அடியில் ஒரு சீட்டு: ‘தோசை மாவு ஃபிரிட்ஜில் இருக்கிறது. சீர்காழிக்குப் போகிறேன்.’

சீர்காழியில் அவள் தம்பி குலோத்துங்கன் இருக்கிறான். அவன் சம்சாரத்துக்கு இடுப்பு வலி என்று கேள்வி. ஒத்தாசைக்குப் போயிருப்பாள்.

கதவைத் திறந்து போட்டுவிட்டுப் போனதுதான் புரியவில்லை. மறதியாக இருக்கும். அவளுக்கும் ஐம்பது ஆகிறது.

ஆகஸ்ட் 6, செவ்வாய்

பழைய பூட்டின் ஒரே சாவி அவளிடம் இருக்கிறது. இன்னொன்றை நான் தொலைத்து ஆறு வருஷமாயிற்று. அதனால் விழாக் குழுவின் பூட்டைத்தான் போட்டுக்கொண்டு பள்ளிக்குப் போனேன். தேங்காய் அளவுக்குப் பூட்டு. கதவைவிட அது கனமாக இருக்கிறது.

மத்தியானம் பதிப்பாளர் மருதவாணன் தஞ்சாவூரிலிருந்து கூப்பிட்டார். பேச்சுவழக்குச் சொற்களுக்கு ஓர் அகராதி போடுகிறாராம். ஒவ்வொரு சொல்லையும் அதற்கேற்ற ஆளிடம் கொடுத்து எழுதி வாங்குகிறாராம்.

“உங்களுக்கு ‘கொணஷ்டை’ ஒதுக்கியிருக்கேன் சார். உங்கள விட்டா அதுக்கு ஆள் ஏது? பொருள், யாரு யாரப் பாத்து எப்பச் சொல்றது, வாழ்க்கையிலேருந்து ஒரு எடுத்துக்காட்டு. மாசக் கடைசிக்குள்ள வந்துரணும்.”

மாயவரம் வட்டாரத்தில் அந்தச் சொல்லுக்கு என்னை விட்டால் ஆள் இல்லை என்பது சரிதான். பகலில் அரசுப் பள்ளியில் வரலாறு நடத்துகிற அமிர்தகடேசன், விடுமுறை நாட்களில் பட்டிமன்ற மேடையில் ‘நகைச்சுவைத் தென்றல்’. தென்றல் எண்பத்தாறு கிலோ. பட்டிமன்றத்தில் சிரிக்க வைக்கிறவனுக்கு ஒரு முறை உண்டு. தலைப்பு எதுவானாலும் பேச்சில் பெண்டாட்டியை இழுத்தாக வேண்டும். சோழர் கால நீர்ப்பாசனம் பற்றிப் பேசினாலும் ஐந்தாவது நிமிடம் “எங்க வீட்ல ஒண்ணு இருக்கு” என்று ஆரம்பித்தால்தான் பந்தலில் ஜனம் நிமிர்ந்து உட்காரும். என் சரக்குக்குப் பெயர் ‘பூட்டுக் கொணஷ்டை’. ஒன்பது வருஷமாக ஓடுகிறது.

தையல்நாயகி வீட்டைப் பூட்டினால் பூட்டை ஏழு தடவை இழுத்துப் பார்ப்பாள். தெருமுனை வரை போவாள். திரும்பி வந்து மறுபடி ஏழு தடவை இழுப்பாள். மேடையில் நான் மைக்கைப் பூட்டாக்கி இழுத்துக் காட்டுவேன். பிறகு “நெஜமாச் சொல்றேங்க” என்று கையெடுத்துக் கும்பிடுவேன். நான் அப்படிச் சொன்னாலே பெரிய பொய் வருகிறது என்று ஜனத்துக்குத் தெரியும். அங்கேயே சிரிப்பு கிளம்பிவிடும். ஒரு நிறுத்து நிறுத்தி, மைக்கின் கன்னத்தைத் தடவி, “தங்கம், அம்மா போயிட்டு வரேன், அழக் கூடாது” என்பேன். இழுப்பது மட்டும்தான் அவளுடையது. தடவலும் தங்கமும் என் கைச்சரக்கு.

உட்கார்ந்த சூட்டோடு எழுதி மருதவாணனுக்கு வாட்ஸாப்பில் அனுப்பினேன்:

கொணஷ்டை (பெ.): வயதுக்கும் இடத்துக்கும் பொருந்தாத கிறுக்குச் செய்கை. பின்பாதியில் ‘சேஷ்டை’ தெரிகிறது. முன்பாதி ‘கோணல்’தானா என்று சத்தியம் பண்ண முடியாது. எ.கா.: பூட்டை ஏழு தடவை இழுக்கிறாளே, இது என்ன கொணஷ்டை?

ஆகஸ்ட் 8, வியாழன்

மாவு புளித்துவிட்டது. அதையும் மூன்று தோசையாக ஊற்றித் தின்றேன். தையல்நாயகி போனை எடுப்பதில்லை. இடுப்பு வலிக்காரியைப் பார்த்துக்கொள்கிறவளுக்கு நேரம் ஏது?

ஆகஸ்ட் 10, சனி

எதிர்வீட்டு ஜெபமாலை டீச்சர் கோலமாவுக் கிண்ணத்தோடு நின்றார். தெருச் செய்திகளை அவர் விசாரிப்பதில்லை. சரிபார்ப்பார்.

“அக்காவ ஒரு வாரமாக் காணுமே சார்?”

“தம்பி வீட்டுக்குப் போயிருக்கா டீச்சர். தம்பி சம்சாரத்துக்கு இடுப்பு.”

“அப்படியா? நேத்து சீர்காழி பஸ்ஸ்டாண்டுல அந்தப் பொண்ணப் பாத்தேன். ரெண்டு கையிலயும் பையத் தூக்கிக்கிட்டு ஓடிப் போய் பஸ்ஸப் புடிச்சுது. நல்ல இடுப்பு சார்.”

சரி, எழுதிவிடுகிறேன். தெருவுக்கே தெரிந்ததை டைரிக்கு மட்டும் மறைத்து என்ன ஆகப்போகிறது.

போன ஞாயிறு எங்கள் தெரு மாரியம்மன் கோயில் பட்டிமன்றம். நான் பேசுகிற இடத்துக்கு அவள் வருவதில்லை. அன்று தெருப் பெண்கள் கையைப் பிடித்து இழுத்து வந்துவிட்டார்கள். பூட்டுக் கொணஷ்டை முடிந்து கைதட்டல் ஓயும் முன்பே, விழாக் குழுச் செயலாளர் அவளை மேடைக்குக் கூப்பிட்டார். பொன்னாடை போட்டார்கள். தாம்பாளத்தில் ரிப்பன் கட்டிய பூட்டைக் கொடுத்தார்கள். நடுவர் மைக்கை எடுத்தார்.

“அம்மா, ஜனங்க ஆசப்படுறாங்க. ஒரே ஒரு தடவ இழுத்துக் காட்டிட்டுப் போங்க.”

அவள் இழுத்தாள். ஒரு தடவை. பந்தலே அதிர்ந்தது. அவளும் சிரித்த மாதிரிதான் இருந்தது. கீழே இறங்கி, பொன்னாடையை நான்காக மடித்து மடியில் வைத்துக்கொண்டு கடைசி வரை உட்கார்ந்திருந்தாள்.

பூட்டுக் கொடுக்கிற யோசனை விழாக் குழுவினருடையது.

ஆகஸ்ட் 11, ஞாயிறு

சீர்காழிக்குப் போனேன். குலோத்துங்கன் மிக்ஸி, கிரைண்டர் பழுது பார்க்கிறவன். பேச்சும் அப்படித்தான், மூடியைக் கழற்றி நேரே ஒயரில் கை வைப்பான்.

“வாங்க அத்தான். பூட்டு கொண்டாந்தீங்களா, இல்ல வீட்லயே வச்சிட்டு வந்துட்டீங்களா?”

தையல்நாயகி காபி கொண்டு வந்தாள். சர்க்கரை கச்சிதம். கோபத்திலும் அவளுக்கு அளவு தப்பாது.

“இருபத்தெட்டாம் தேதி அப்பாவுக்குத் திதி” என்றேன்.

“தெரியும். வரேன். சமைக்கிறேன்.”

“அதுக்கப்பறம்?”

“அன்னிக்கு உங்க அக்கா வருவாங்க. வருஷா வருஷம் சொல்றதச் சொல்லுவாங்க. பதினோரு வருஷமாக் கேட்டுக்கிட்டு நிக்கிறேன். இந்தத் தடவ நீங்க பதில் சொல்லுங்க. சொன்னீங்கன்னா அங்கயே இருந்துக்கறேன். இல்லன்னா தம்பியோட திரும்பி வந்துருவேன்.”

“என்ன பதில்?”

“உங்களுக்குத் தெரியாததா?”

பேச்சை மாற்ற, நான் வந்த பஸ்ஸின் கண்டக்டர் மாதிரி கைப்பையை இடுக்கிக்கொண்டு விசில் ஊதிக் காட்டினேன். குலோத்துங்கன் சம்சாரம் இடுப்பைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. தையல்நாயகி டம்ளரை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

ஆகஸ்ட் 12, திங்கள்

அக்கா சொல்வது இதுதான். என் அக்கா செண்பகம் மன்னார்குடியிலிருந்து திதிக்கு வருவாள். இலையில் பாயசம் விழுந்ததும் ஆரம்பிப்பாள்: “அன்னிக்கு ஒரு பூட்டப் போட்டிருந்தா அப்பா இன்னிக்கும் இருந்திருப்பாரு.”

அப்பாவுக்குக் கடைசி இரண்டு வருஷம் ஞாபகம் கலைந்துவிட்டது. தாலுகா ஆபீசிலிருந்து ஓய்வு பெற்று இருபது வருஷம் ஆன பிறகும், “நேரமாச்சு, தாசில்தார் தேடுவாரு” என்று சட்டையைப் போட்டுக்கொண்டு கிளம்பிவிடுவார். ஒருநாள் கதவு திறந்திருந்தது. மறுநாள் குத்தாலம் சாலை வாய்க்காலில் கிடைத்தார். வீட்டில் இருந்தவள் தையல்நாயகி. கதவு எப்படித் திறந்திருந்தது என்பது யாருக்கும் தெரியாது.

ஆகஸ்ட் 15, வியாழன்

பள்ளியில் கொடியேற்றம். தலைமையாசிரியர் என்னைப் பேசச் சொன்னார். பூட்டுக் கொணஷ்டை கேட்டார்கள். செய்தேன். மிட்டாய் கொடுத்தார்கள்.

மருதவாணன் சொன்ன ‘யார் யாரைப் பார்த்துச் சொல்வது’ என்பதை முதல் தடவை எழுதாமல் விட்டுவிட்டேன். யோசித்தால், அந்தச் சொல்லே என்னுடையதில்லை. கல்யாணமான புதிதில் அவளுடைய பெரியப்பா நடந்து வருவதை நான் நடித்துக் காட்டுவேன்; ஜவுளிக்கடைக்காரர் துணி கிழிப்பதைக் காட்டுவேன். அவள் முந்தானையை வாயில் வைத்து அடக்கிக்கொண்டு, “போதும் உங்க கொணஷ்டை, அடுப்புல பால் இருக்கு” என்பாள். பால் பொங்கி அடுப்பெல்லாம் வழியும். கணக்கில்லாமல் வழிந்திருக்கிறது.

சேர்க்க வேண்டிய குறிப்பு: இதை யாரும் தன்னைப் பார்த்துத் தானே சொல்லிக்கொள்வதில்லை. சொல்வதற்கு வீட்டில் இன்னொரு ஆள் வேண்டும்.

நானோ அவளிடமிருந்து அந்தச் சொல்லை எடுத்து, அவளுக்கே மாட்டி, ஊர் ஊராகக் கொண்டுபோய்க் காட்டியிருக்கிறேன். ரேஷன் கடையில்கூட அவளைக் கேட்கிறார்களாம்: “கொணஷ்டை அக்கா, பூட்டிட்டு வந்தீங்களா?”

ஆகஸ்ட் 18, ஞாயிறு

கோயம்புத்தூரிலிருந்து மகள் கயல்விழி பேசினாள். என் சாப்பாட்டை விசாரித்தாள். பிறகு, “அம்மா கதவத் திறந்து போட்டுட்டா போனாங்க?” என்றாள்.

“ஆமாம்மா. மறதி.”

“அப்பா, பதினோரு வருஷமா ஏழு ஏழு தடவ இழுத்துப் பாத்தவங்க. அவங்களுக்கா மறதி?”

நான் ஏதோ தமாஷ் சொல்லப் போனேன். அவள் விடவில்லை.

“தாத்தா போன அன்னிக்கு எனக்குப் பதிமூணு வயசு. கொல்லையில பூப்பறிச்சிட்டிருந்தேன். வாசல்ல உங்களக் கூட்டிட்டுப் போக வந்த கார் ஹார்ன் அடிச்சது எனக்கும் கேட்டுச்சுப்பா. அம்மா உங்ககிட்டச் சொன்னதும் கேட்டுச்சு. அம்மாதான் யாருகிட்டயும் சொல்லாதன்னாங்க.”

அப்புறம் வைத்துவிட்டாள். வகுப்பில் பையன் பொய் சொன்னால் நானும் இப்படித்தான், திட்டாமல் உட்காரச் சொல்லிவிடுவேன்.

ஆகஸ்ட் 21, புதன்

பதினோரு வருஷத்துக்கு முன்னால், அப்பா காணாமல் போன அன்று, எனக்குத் திருவாரூரில் பட்டிமன்றம். கார் முன்னதாகவே வந்து ஹார்ன் அடித்தது. அடுக்களையிலிருந்து தையல்நாயகி குரல் கொடுத்தாள்: “நான் குளிக்கப் போறேன். போறப்ப வெளியில பூட்டி, சாவிய ஜன்னல்ல வச்சிட்டுப் போங்க.” “ம்” என்றேன். ஒரு தமாஷின் கடைசி வரி சரியாக வராமல் வாயில் மென்றுகொண்டிருந்தேன். பூட்டை நாதாங்கியில் மாட்டினேன். அமுக்கவில்லை. கார் பெரிய கோயில் தாண்டும்போது கடைசி வரி கிடைத்துவிட்டது. அன்று நல்ல கைதட்டல்.

மறுநாள் வாசலில் அப்பாவைக் கிடத்தியிருந்தார்கள். அக்கா எல்லோர் முன்னாலும் சொன்னாள்: “கதவத் தொறந்து போட்டுட்டுக் குளிக்கப் போயிருக்கா மகராசி.” தையல்நாயகி என்னைப் பார்த்தாள். நான் பாடைக்கு மூங்கில் பிளந்துகொண்டிருந்தவனைப் பார்த்தேன். நன்றாகப் பிளந்தான். இப்போதும் அவன் அரிவாள் பிடித்த விதம் ஞாபகம் இருக்கிறது.

அந்த வாரத்திலிருந்து அவள் பூட்டை இழுக்க ஆரம்பித்தாள். இரண்டு வருஷம் கழித்து, கும்பகோணத்தில் எனக்குச் சரக்குத் தீர்ந்துபோன ஒரு மேடையில், அதை எடுத்துவிட்டேன்.

இன்னொன்று. விழாக் குழுச் செயலாளர், “அக்காவுக்கு என்ன சார் பரிசு குடுக்கலாம்?” என்று என்னைத்தான் கேட்டார். பூட்டு என்று சொன்னது நான்தான்.

ஆகஸ்ட் 26, திங்கள்

கண்ணாடி முன்னால் ஒத்திகை. “அக்கா, அன்னிக்குக் கதவைப் பூட்டாமல் போனவன் நான்.” ஆறே சொல்தான். முதல் தடவை புருவம் தூக்கிக்கொண்டது. இரண்டாவது தடவை வாய் ஓரம் கோணியது. மூன்றாவது தடவை, நடுவர் பக்கம் திரும்புகிற மாதிரி பீரோ பக்கம் திரும்பினேன். முப்பது வருஷமாகச் சிரிக்க வைத்த மூஞ்சி. உத்தரவு போட்டால் கேட்கிறதா? கையைப் பின்னால் கட்டிக்கொண்டால் கொஞ்சம் பரவாயில்லை.

ஆகஸ்ட் 28, புதன்

காலை ஏழு மணிக்கே குலோத்துங்கன் அவளைக் கொண்டுவந்து விட்டான். வாசலில் தொங்கிய பூட்டைப் பார்த்தாள். நேரே அடுக்களைக்குப் போனாள். வாழைக்காய்ப் பொரியல், புடலங்காய்க் கூட்டு, வடை, பாயசம். அடுக்களையில் பாத்திரச் சத்தம் கேட்டுக்கொண்டே இருக்க, நான் வெங்காயம் உரிக்கிற சாக்கில் அங்கேயே சுற்றினேன். திதிச் சமையலுக்கு வெங்காயம் கிடையாது என்று அவள்தான் எடுத்து வைத்தாள். அந்த நேரம் அவள் முகம் கொஞ்சம் இளகினாற்போல இருந்தது. பெட்டியைக்கூட உள்ளே கொண்டுபோய்ப் பீரோ பக்கத்தில் வைத்திருந்தாள்.

படையல் போட்டு, காக்காய்க்கு வைத்துவிட்டு இலையில் உட்கார்ந்தோம். நான், அக்கா, அக்கா வீட்டுக்காரர், குலோத்துங்கன். பாயசம் விழுந்தது.

“எல்லாம் நல்லாத்தான் இருக்கு” என்றாள் அக்கா. “அன்னிக்கு ஒரு பூட்டப் போட்டிருந்தா அப்பாவும் இருந்து சாப்பிட்டிருப்பாரு.”

தையல்நாயகி கரண்டியோடு அடுக்களை நிலையில் நின்றாள். என்னைப் பார்த்தாள். இந்தத் தடவை மூங்கில் பிளக்கிறவன் யாரும் இல்லை.

“அக்கா, அன்னிக்குக் கதவப் பூட்டாமப் போனது அவ இல்ல” என்றேன். நிறுத்தினேன். “நான்.”

அக்கா வீட்டுக்காரர்தான் முதலில் சிரித்தார். “ஆரம்பிச்சுட்டான்யா மாப்ள.”

“பொண்டாட்டி கோச்சிக்கிட்டுப் போனாலும் போனா, என்னென்ன வேஷம் கட்டுறான் பாருங்க” என்றாள் அக்கா. “டேய், அப்பா இலையில உக்காந்துமா உன் கொணஷ்டை?”

“இல்லக்கா. நெஜமாச் சொல்றேன்.”

பின்னால் கட்டிக்கொள்ள முடியாமல் சாப்பாட்டில் இருந்த என் கை, பாயசத்தோடு எழுந்து கும்பிட்டது. அக்கா வீட்டுக்காரருக்குப் புரை ஏறிவிட்டது. அக்கா ஒரு கையால் அவர் தலையைத் தட்டிக்கொண்டே, மறு கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள். குலோத்துங்கன் இலையை மூடினான்.

தையல்நாயகி எல்லோருக்கும் மோர் ஊற்றினாள். எனக்கும்தான். அக்கா கிளம்பிப் போனதும், பீரோ பக்கத்திலிருந்து பெட்டியை எடுத்துக்கொண்டு வாசலுக்கு வந்தாள்.

“சொல்லிட்டேனே தையு.”

“சொன்னீங்க. நிறுத்த வேண்டிய எடத்துல சரியா நிறுத்தினீங்க.”

“வேணும்னு செய்யல.”

“தெரியும். அதுக்குத்தான் போறேன்.” செருப்பை மாட்டிக்கொண்டாள். “பொரியல் மிச்சம் இருக்கு. சாயங்காலம் சூடு பண்ணிக்கங்க.”

கதவு அவளுக்குப் பின்னால் திறந்தே இருந்தது. அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

ஆகஸ்ட் 29, வியாழன்

பொரியலைச் சூடு பண்ணவில்லை.

மருதவாணனுக்குப் புதிதாக எழுதி அனுப்பினேன்:

கொணஷ்டை (பெ.): ஒருவர் செய்வதைப் பார்த்து, அதற்குக் காரணம் தெரியாத இன்னொருவர் சொல்வது. காரணம் தெரிந்தவர் சொன்னால் அது கொணஷ்டை இல்லை. அதற்கு வேறு சொல் இருக்கும். அது எனக்கு ஒதுக்கப்படவில்லை. எ.கா.: டேய், அப்பா இலையில உக்காந்துமா உன் கொணஷ்டை?

ஆகஸ்ட் 30, வெள்ளி

காலையில் மருதவாணன் கூப்பிட்டார்.

“ரெண்டாவது அனுப்பினது கொஞ்சம் கனமா இருக்கு சார். சனங்க அகராதியத் தொறந்தா சிரிக்கணும். மொதல்ல அனுப்பினதையே அச்சுக்குக் குடுத்துட்டேன். அந்தப் பூட்டு எடுத்துக்காட்டு பிரமாதம் சார். இனிமே அந்தச் சொல்லு இருக்கிற வரைக்கும் அக்காவும் இருப்பாங்க.”

சரி என்றேன். நன்றி என்றும் சொன்னதாக ஞாபகம்.

பள்ளிக்கு நேரமாகிவிட்டது. வீட்டைப் பூட்டிக்கொண்டு தெருமுனை வரை போனேன். பூட்டை மாட்டியது ஞாபகம் இருந்தது. அமுக்கினேனா என்பது ஞாபகம் இல்லை. உள்ளே யார் இருக்கிறார்கள், யார் வெளியே போய்விடப் போகிறார்கள் என்று எனக்கு நானே சொல்லிப் பார்த்தேன். கால் திரும்பிவிட்டது.

மூன்றாவது தடவை இழுக்கும்போது பின்னால் ஜெபமாலை டீச்சரின் சிரிப்பு.

“என்ன சார், காலங்காத்தாலயே ஒத்திகையா? அப்படியே அக்கா மாதிரியே இருக்கு.”

நான் திரும்பி, இடுப்பை வளைத்துக் கையெடுத்துக் கும்பிட்டேன். அவருக்குத் திருப்தி.

பாக்கி நாலு இருந்தது. அவர் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போகட்டும் என்று காத்திருந்து இழுத்தேன்.